டெஃப்: அரிசி மாதிரி அல்ல, பால் மாதிரி வாங்குங்கள்

டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே படுக்கை, சமையல் வசதியெல்லாம் உள்ள வண்டி) வாங்கிய நண்பர்கள் முதல் வாரம் கேட்பதெல்லாம் கழிவுத் தொட்டியைப் பற்றியும் சோலார் பலகையைப் பற்றியும்தான். இரண்டாவது வாரம் எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு போன் போடுவார்கள்: "டீசல் மூடி இல்லாம நீல மூடி ஒண்ணு தனியா இருக்கே, அதுக்குள்ள என்ன ஊத்தணும்? ஊத்தலேன்னா வண்டி நிக்குமா?"

ஊற்ற வேண்டியது டெஃப். டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட் என்பதன் சுருக்கம். ஐரோப்பாவில் இதையே ஆட்புளூ என்கிறார்கள். அந்தப் பெயர் ஜெர்மன் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் வணிக முத்திரை. சரக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டில் லாரி வைத்திருப்பவர்களுக்கும் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து பழகிப்போன சாமான். ஆனால் மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் லாரிக்கும், வருஷத்தில் பாதி நாள் ஒரே இடத்தில் நிற்கும் மோட்டார்ஹோமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. லாரிக்காரருக்கு டெஃப் தீர்ந்துபோகும் பொருள். நமக்கு அது கெட்டுப்போகும் பொருள். அரிசி மூட்டை மாதிரி வாங்கி அடுக்கி வைக்கக் கூடாது. பால் மாதிரி அன்றன்றைய தேவைக்கு வாங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் இதிலிருந்து வருவதுதான்.

அதற்கு முன், வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். அவற்றுக்கு டெஃப் என்பதே கிடையாது. நீல மூடி கண்ணில் படவில்லை என்று தேடி அலைய வேண்டாம். ஐரோப்பாவில் எடுக்கும் கேம்பர்வேன்கள் பெரும்பாலும் டீசல். அங்கே சாவி வாங்கும்போதே ஆட்புளூ எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். சொந்தமாகப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கனரக டீசல் எஞ்சின்களுக்கான 2010ஆம் ஆண்டு மாசுக்கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகுதான் டெஃப் பரவலாக வந்தது. வண்டி 2010 அல்லது 2011 மாடல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதற்கு முந்தைய எஞ்சினாக இருக்கலாம். ஆகவே வண்டியின் ஆண்டை நம்பாதீர்கள், எஞ்சின்மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்.

இது எரிபொருள் இல்லை

டெஃப் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நிறுத்துப் பார்த்தால் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி 67.5 சதவீதம் கனிமங்கள் நீக்கிய தண்ணீர். அவ்வளவுதான். பன்றி மூத்திரத்தில் செய்கிறார்கள் என்று டிரக் ஸ்டாப்பில் (நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தம்) யாராவது சிரிக்காமல் சொல்லுவார்கள், நம்பிவிடாதீர்கள். அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்து ஆலையில் செய்யும் யூரியாதான் இது. வயலுக்குப் போடும் யூரியாவும் அடிப்படையில் அதேதான். "அப்போ ரெண்டு கிலோ உரத்தைக் குழாய்த் தண்ணியில கரைச்சு ஊத்திடலாமே" என்று ஒரு கணக்கு மனதில் ஓடும். ஓட விடாதீர்கள். உரத்தில் இருக்கும் மற்ற சேர்மானங்களும், குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும், புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கியின் மேல் படிந்து அதை அடைத்துவிடும். மிச்சம் பிடித்த சில டாலருக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் செலவு வந்து நிற்கும்.

டெஃப் டீசலோடு கலப்பதில்லை. அதற்குத் தனித் தொட்டி, தனி பம்ப், தனிக் குழாய். எஞ்சின் எரித்து முடித்து வெளியே தள்ளும் புகைக்குத்தான் இதன் வேலை. டீசல் எஞ்சினுக்குள் அழுத்தமும் சூடும் அதிகம், காற்றும் தேவைக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. வெயில் பட்டால் ஓசோனும் புகைமூட்டமும் உருவாகக் காரணமான வாயு இது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பல காலம் கண் எரிந்து கிடந்தது இதன் பங்கினால்தான்.

இந்த வாயுவைக் குறைக்க இரண்டு வழி. எஞ்சினுக்குள் சூட்டைக் குறைப்பது ஒன்று. அப்படிச் செய்தால் கரிப்புகை கூடும், மைலேஜ் அடிபடும். இன்னொன்று, எஞ்சினை அதன் போக்கில் சூடாக ஓட விட்டு, வெளியே வரும் புகையைச் சுத்தம் செய்வது. டெஃப் இந்த இரண்டாவது வழி. புகைக்குழாயில் டெஃப்பைச் சன்னத் தூறலாகப் பீச்சுகிறார்கள். சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா ஆகிறது. அந்த அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரிந்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியேறுகிறது. நாம் மூச்சு விடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பதும் அதே நைட்ரஜன்தானே.

டிபிஎஃப் என்று இன்னொரு பெயரும் காதில் விழும். அது கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. ஆங்கிலத்தில் எழுதினால் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. டிபிஎஃப்பில் நாம் எதையும் ஊற்றுவதில்லை.

எவ்வளவு குடிக்கும்?

செலவாகும் டீசலில் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் அளவுக்கு டெஃப் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கேலன் டீசலுக்கு 2 முதல் 3 கேலன். ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். மலையேற்றத்திலும், பின்னால் காரைக் கட்டி இழுக்கும்போதும் டீசல் கூடுதலாகப் போகும். டெஃப்பும் அதோடு கூடும். (இழுத்துக்கொண்டு போகும் காரை மோட்டார்ஹோம்காரர்கள் "டோட்" என்பார்கள், அதாவது தேரை. ஆங்கிலத்தில் "இழுக்கப்பட்டது" என்ற சொல்லும் அப்படியே ஒலிக்கும்.)

பெரிய டீசல் வண்டிகளில் டெஃப் தொட்டி பெரும்பாலும் 10 முதல் 15 கேலன். 12 கேலன் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்று சதவீதக் கணக்கில் அது 400 கேலன் டீசலுக்கு வரும். வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் 3,200 மைல். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 2,800 மைல்தான். நிரப்பிய தொட்டியோடு கிளம்பினால் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒருமுறைகூட ஊற்றாமல் போய்விடலாம்.

இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். டெஃப் தீர்ந்து நடுக்காட்டில் நிற்பது பொதுவாகக் கவனக்குறைவால் நடப்பது. வண்டி அதிகம் குடிப்பதால் அல்ல. நான் கடைப்பிடிப்பது எளிய பழக்கம்: அளவுமானி பாதிக்கு வந்ததும், அடுத்து டீசல் போடும் இடத்தில் டெஃப்பும் போட்டுவிடுவேன். பாதி என்றால் இன்னும் ஆயிரம் மைலுக்கு மேல் போகும். அதற்குள் நல்ல இடமாகப் பார்த்து, அவசரமில்லாமல் நிறுத்தலாம்.

டிரக் ஸ்டாப்பில்

டெஃப் இரண்டு விதமாகக் கிடைக்கும்: பம்பிலும், இரண்டரை கேலன் கேனிலும். முடிந்தவரை பம்பில் போடுங்கள் என்பேன். விலை கேனைவிடக் கணிசமாகக் குறைவு. அதைவிட முக்கியம், சரக்கு புதிதாக இருக்கும். நாளெல்லாம் லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகும் இடத்தில் தொட்டியில் பழைய சரக்கு தங்க வழியில்லை. கூட்டம் உள்ள பால் கடையில் வாங்குவதும் இதற்காகத்தானே.

சிக்கல் என்னவென்றால், பம்ப் பெரும்பாலும் லாரி வரிசையில்தான் இருக்கும். மோட்டார்ஹோம்களுக்கென்று தனி வரிசை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அந்த வரிசையில் டெஃப் குழாயும் இருக்கும் என்பது உறுதியில்லை. சில இடங்களில் கார்கள் நிற்கும் வரிசையிலேயே டெஃப் பம்ப் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சின்ன வண்டிக்காரர்களுக்கு அது வரம்.

லாரி வரிசைக்குள் முதல் தடவை நுழைவது, கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்குள் போய் நிற்பது போல இருக்கும். எல்லாரும் வேலையாக இருப்பார்கள், நமக்கு மட்டும் எது எங்கே என்று தெரியாது. வண்டிக்கு இரண்டு பக்கமும் பம்ப் இருக்கும். லாரிகளுக்கு இருபுறமும் டீசல் தொட்டி உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. பணம் செலுத்தும் திரை உள்ள முதன்மை பம்ப் ஓட்டுநர் பக்கம் இருக்கும்; டெஃப் குழாயும் அநேகமாக அந்தப் பக்கம்தான். உங்கள் வண்டியின் நீல மூடி எந்தப் பக்கம், முன்னாலா பின்னாலா என்பதை வீட்டிலேயே பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குழாய் எட்டாவிட்டால், பின்னால் காரை இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க முடியாது.

திரை லாரி ஓட்டுநரிடம் கேட்பதையெல்லாம் உங்களிடமும் கேட்கும். வண்டி எண், ஓடோமீட்டர், டெஃப் வேண்டுமா வேண்டாமா என்று வரிசையாக வரும். "டிராக்டர் எரிபொருளா, ரீஃபரா" என்று கேட்டால் டிராக்டர் என்று சொல்லுங்கள். இங்கே டிராக்டர் என்பது லாரியின் முன்பகுதி, உழவு டிராக்டர் அல்ல. ரீஃபர் என்பது லாரியின் குளிர்சாதனச் சரக்குப் பெட்டிக்கு ஊற்றும், சாலை வரி கட்டாத, சிவப்புச் சாயம் கலந்த டீசலாக இருக்கலாம். அதை ஊற்றிக்கொண்டு சாலையில் ஓட்டுவது குற்றம். திரை உங்கள் கார்டை ஏற்காவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே போய் கவுண்டரில் முன்பணம் கட்டினால் பம்பைத் திறந்துவிடுவார்கள்.

டெஃப் குழாயின் முனை 19 மில்லிமீட்டர். டீசல் முனை அதைவிடப் பெரிது. டீசல் முனை நீல மூடித் துளைக்குள் நுழையாமல் இருக்கத்தான் இந்த அளவு. மறுபக்கம் இந்தக் காவல் கிடையாது: டெஃப் முனை டீசல் வாய்க்குள் தாராளமாகப் போகும். ஆகவே ஊற்றும் முன் ஒருமுறை வாய்விட்டே "நீலம்" என்று சொல்லிக்கொள்வது அசட்டுத்தனம் அல்ல. சில டெஃப் முனைகள், தொட்டி வாயில் காந்த வளையம் இருந்தால் மட்டுமே திறக்கும். முனை சரியாகச் செருகியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். வேன் அடிச்சட்டத்தில் கட்டிய சிறிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: லாரி வரிசையின் டீசல் முனை தடியானது, அவர்கள் தொட்டி வாயில் நுழையாது.

முனை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். கழுத்து வரை தளும்பத் தளும்ப நிரப்ப வேண்டாம். காரணம் குளிரைப் பற்றிப் பேசும்போது வரும்.

கேன் வாங்கும்போது

வழியில் பம்ப் கிடைக்காத இடங்களுக்கு, அலாஸ்கா நெடுஞ்சாலை மாதிரிப் பயணங்களுக்கு, ஒரு கேன் கையில் இருப்பது நிம்மதி. ஒன்று போதும். இரண்டரை கேலன் என்பது ஒன்பதரை லிட்டர். டெஃப் தண்ணீரைவிடக் கனம் என்பதால் எடை பத்து கிலோவைத் தாண்டும். வயதானவர்கள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிச் சாய்த்து ஊற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அட்டைப்பெட்டியில் ஐஎஸ்ஓ 22241 என்ற எண்ணும், அமெரிக்க பெட்ரோலியக் கழகமான ஏபிஐயின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து தேதி. தயிர் வாங்கும்போது அடுக்கின் பின்பக்கம் கைவிட்டு எடுக்கிறோமே, அதே வேலை. சில நிறுவனங்கள் தயாரித்த தேதியைப் போடும், சில காலாவதித் தேதியைப் போடும், சிலது நமக்குப் புரியாத குறியீட்டு எண்ணைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். தேதி புரியாத கேனை நான் வாங்குவதில்லை. கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைத்திருப்பதையும் வாங்குவதில்லை.

ஏனென்றால் டெஃப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது வெப்பம். அந்த ஐஎஸ்ஓ தரத்தின்படி 10 டிகிரி செல்சியஸில் வைத்தால் 36 மாதம் தாங்கும். 25 டிகிரியில் 18 மாதம். 30 டிகிரியில் 12 மாதம். 35 டிகிரிக்குப் போனால் வெறும் 6 மாதம். இப்போது அரிசோனா வெயிலில் நிறுத்தியிருக்கும் வண்டியின் அடிப்பகுதிச் சாமான் அறையை நினைத்துப் பாருங்கள். வெளியே நாற்பதைத் தாண்டும். இரும்புக் கதவுக்குள் இன்னும் கூடும். மலிவாகக் கிடைத்ததென்று நான்கு கேன் வாங்கி அங்கே போட்டு வைத்தவர், அடுத்த பருவத்தில் திறக்கும்போது அம்மோனியா நெடியோடு திறப்பார். தள்ளுபடியில் வாங்கியதை ஊற்றத்தான் வேண்டும் என்று மனம் சொல்லும். ஊற்றாதீர்கள்.

ஊற்றும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். கேனோடு வரும் குழாயே போதும். புனல் வேண்டுமென்றால் டெஃப்புக்கென்றே ஒன்று வையுங்கள். எண்ணெய் ஊற்றிய புனலைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது ஆகாது. கீழே சிந்தினால் பெரிய ஆபத்தில்லை, எரியாது. ஆனால் காய்ந்ததும் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிகம் கட்டும், பித்தளையையும் செம்பையும் அரிக்கும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். நீல மூடியைச் சுற்றி அந்த வெள்ளைப் பூப்பு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள். படிகம் உள்ளே விழக் கூடாது.

குளிரும் நிறுத்தி வைப்பதும்

மைனஸ் 11 டிகிரியில் டெஃப் உறைந்துவிடும். பதற வேண்டாம். 32.5 என்ற விசித்திரமான சதவீதத்தைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்: யூரியாவும் தண்ணீரும் சேர்ந்த கலவை மிகக் குறைந்த வெப்பநிலையில் உறைவது இந்த விகிதத்தில்தான். உறையும்போதும் உருகும்போதும் கலவை பிரிவதில்லை. உருகியதும் பழையபடி அதே சரக்கு. உறைந்திருந்தாலும் வண்டி வழக்கம்போலக் கிளம்பும். எஞ்சினின் சுடுநீர் டெஃப் தொட்டிக்குள் சுற்றி வந்து மெல்ல உருக்கும். உறைந்தால் ஏழு சதவீதம் அளவுக்கு விரியும் என்பதால்தான் தொட்டியில் இடம் விடச் சொன்னேன்.

நெடுநாள் நிறுத்தும்போது தொட்டி நிறைய இருக்க வேண்டுமா, குறைவாக இருக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கட்சி. கையேடு எதையாவது திட்டமாகச் சொன்னால் அதைக் கேளுங்கள். சொல்லாவிட்டால், நான் பாதியோடு நிறுத்தி, திரும்பக் கிளம்பும் அன்று புதுச் சரக்கைச் சேர்ப்பவன். பழைய மோரில் புதுப்பால் விடும் கணக்கு இல்லை இது. புதியது சேர்ந்தால் கலவையின் வீரியம் கூடத்தான் செய்யும்.

இன்னொரு பழக்கம் முகாமுக்கு வந்து சேரும்போது தேவை. எஞ்சினை அணைத்த பிறகும் டெஃப் பம்ப் சிறிது நேரம் ஓடி, குழாய்களில் மீந்ததைத் தொட்டிக்கே திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். அணைத்த கையோடு பேட்டரி துண்டிப்பு ஸ்விட்சைத் தட்டிவிட்டால் அந்த வேலை பாதியில் நிற்கும். குழாய்க்குள் டெஃப் தங்கிப் படிகமாகும், குளிர்காலத்தில் உறையும். இறங்கி, வண்டியை மட்டம் பார்த்து, தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஸ்விட்சுக்குப் போங்கள்.

விளக்கு எரிந்தால்

அளவு குறையும்போது முதலில் மஞ்சள் விளக்கு எரியும், பிறகு மினுக்கும், பிறகு எஞ்சினின் இழுவை குறையும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேல் போகாதபடி வண்டி தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும். எத்தனை படிகள், எப்போது என்பது வண்டிக்கு வண்டி மாறும். இந்தக் கெடுபிடியைத் தளர்த்தும் வழிகாட்டுதலை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அது உங்கள் வண்டியின் மென்பொருளில் ஏறியிருக்கிறதா என்பதை சர்வீஸ் சென்டரில்தான் கேட்க வேண்டும். தொட்டி முழுக்க வற்றிவிட்டால் ஒரு சொம்பு ஊற்றி ஏமாற்ற முடியாது. சில கேலன் போனால்தான் உணரி நம்பும், அதுவும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் சில வண்டிகளில் விளக்கு அணையும்.

தொட்டி நிறைய இருந்தும் விளக்கு எரிந்தால், பிரச்சினை டெஃப்பில் இல்லாமல் அதை அளக்கும் உணரியில் இருக்கக்கூடும். 2021இல் சிப் தட்டுப்பாட்டால் இந்த உணரிகளுக்கு மாற்றுப் பாகம் கிடைக்காமல் மோட்டார்ஹோம்கள் நின்றுபோனதும், அதற்கென்று தற்காலிக மென்பொருள் திருத்தம் வந்ததும் இந்த வட்டாரத்தில் இன்றும் பேசப்படுவது. விளக்கைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது, டீசல் தொட்டியில் டெஃப்பை ஊற்றிவிடுவது. கைதவறி ஒரு டம்ளர் அளவு போனாலும் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியைத் திருப்பினாலே எரிபொருள் பம்ப் ஓடத் தொடங்கலாம். டெஃப் டீசலைவிடக் கனம், கலக்காது, நேரே அடியில் போய் உட்காரும். டீசலை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான். உயர் அழுத்த பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அது போனால் பழுதுச் செலவு புது கார் விலையை எட்டிப் பார்க்கும். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை, கவுண்டரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். இழுவை வண்டியை அழைக்கும்போது "மோட்டார்ஹோம்" என்று மட்டும் சொன்னால் கார் தூக்கும் வண்டியை அனுப்பிவிடுவார்கள். வண்டியின் நீளம், எடை, எஞ்சின் முன்னாலா பின்னாலா என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.